குடத்திலிட்ட ஓலையும் குலுக்கலில் வரும் பாட்டும்

தம்மிடமுள்ள பாட்டுத் தொகுப்பை வரிசையின்றிக் குலுக்கிக் கேட்கும் வழக்கத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவா என்று இத்தலைப்பைக் கண்ட சிலர் வியந்தனர். மொழி வளர்ச்சிக்கென அமைந்த அவைக்கும் கைப்பேசியில் பாட்டுக் கேட்பதற்கும் என்ன தொடர்பு என்பது அவர்தம் வினா. அவ்வினா முறையானதே. ஆகவே விடையை இறுதிவரை ஒளித்துவையாமல் முதலிலேயே கூறிவிடுகிறோம். குலுக்கலில் வரும் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பெயர் இருத்தல் வேண்டும். தமிழ்ப் பாட்டாயின் அப்பெயர் தமிழெழுத்தில் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் இல்லையாயின், நம் வீடுகளில் உள்ள பாட்டுகளுள் பல, இன்னும் ஒரு தலைமுறைக்குள் யார் பாடியவை, எதற்காகப் பாடியவை என்று அறிய இயலாத வெற்றொலிகளாய்ப் போகும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

லாபுவில் ஒரு மாலைப்பொழுது

நீலாய்க்கும் சிரம்பானுக்கும் இடையே இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த ஊர் லாபு. அதனைச் சூழ்ந்திருந்தவை பால்மரத் தோட்டங்கள். பின்னர்ச் செம்பனை வந்தது. 1998ஆம் ஆண்டில் அண்மையிலுள்ள சிப்பாங்கில் பன்னாட்டு வானூர்தி நிலையம் திறக்கப்பட்டது. பால்வெட்டுக்கு விடியலில் எழுந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று நகரங்களில் பல தொழில்களைச் செய்கின்றனர். லயத்து வீடுகளை விட்டுப் பெயர்ந்தவர்கள் எடுத்துச் சென்ற பொருள்கள் மிகுதியல்ல. அவற்றுள் ஒன்று, அட்டைப் பெட்டியில் அடுக்கிய ஒலிநாடாக்கள்.

அத்தகைய ஒரு வீட்டில் நாம் கண்டதைக் கூறுகிறோம். பேரன் ஒருவன் குடும்பத்து ஒலிநாடாக்களையெல்லாம் கணினிக்கு மாற்றி, விரலி ஒன்றில் சேர்த்து வைத்திருந்தான். ஒரு மாலை அதனைக் குலுக்கல் முறையில் ஒலிக்கவிட்டான். பழைய திரைப்பாட்டு ஒன்று வந்தது. அடுத்து முருகன் பாட்டு. அதன்பின் புதிய படத்துப் பாட்டு. நான்காவதாக இசைக்கருவி ஏதுமின்றி ஒரு பெண்ணின் குரல் எழுந்தது. பின்னணியில் கோழி கூவியது. குழந்தை ஒன்று சிணுங்கியது. அது தாலாட்டு.

"பாட்டி, இது யாரு பாடுறது?" என்று பேரன் கேட்டான்.

"எங்க அம்மா கொரல் மாதிரி இருக்கு ஐயா. ஆனா இந்தப் பாட்ட அவங்க பாடி நான் கேட்டதில்லையே," என்றார் பாட்டி.

கோப்பின் பெயரைப் பார்த்தோம். 'டிராக் 07' என்றிருந்தது. வேறொன்றும் இல்லை.

குலுக்கலின் நன்மையும் குறையும் அந்த ஒரு நொடியில் வெளிப்பட்டன. வரிசைப்படி கேட்டிருந்தால் அந்த ஒலிநாடாவை எவரும் தேடி எடுத்திருக்கமாட்டார். குலுக்கலே அக்குரலை வெளியே கொணர்ந்தது. ஆயினும், கொணர்ந்த குரல் யாருடையது என்று சொல்ல அதனால் இயலவில்லை.

தெரிவு நம்மிடம் இல்லாத காலம்

பாட்டைத் தாமே தெரிந்தெடுத்துக் கேட்பது தோட்டப்புறத்தில் அண்மைக்கால வழக்கமே. முன்னைய தலைமுறைக்குப் பாட்டு வெளியிலிருந்து வந்தது. எது, எப்போது என்பதைப் பிறரே முடிவு செய்தனர். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பலர் கூடிக் கேட்பதற்கென அரசு வானொலிப் பெட்டிகளை வைத்தது. பின்னர் வீட்டுக்கு வீடு வானொலி வந்தது. கோயில் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி கட்டியவர் வைத்ததே பாட்டு. திடலில் திரைகட்டிக் காட்டிய படத்தின் பாட்டுகள் அடுத்த படம் வரும்வரை வாயில் புரண்டன.

அக்காலத்து வானொலியில் நாம் இன்று நினைந்து பார்க்கத்தக்க ஒரு நல்வழக்கம் இருந்தது. நேயர் விருப்ப நிகழ்ச்சியில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னர் அறிவிப்பாளர் படத்தின் பெயரைச் சொல்வார்; பாடியவர், இசையமைத்தவர் பெயரைச் சொல்வார்; எந்தத் தோட்டத்திலிருந்து யார் யார் விரும்பிக் கேட்டனர் என்று நீண்ட பட்டியலையும் படிப்பார். அடுத்து என்ன பாட்டு வரும் என்று கேட்போருக்குத் தெரியாது. அவ்வகையில் வானொலியும் ஒரு குலுக்கலே. ஆனால் அது பெயர் சொல்லித் தந்த குலுக்கல். எழுதப் படிக்க அறியாத முதியோரும் பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்களை நினைவிலிருந்து சொல்லக் கேட்டிருக்கிறோம். அக்கல்வி அவர்களுக்கு வானொலியின் வழியே வாய்த்தது.

பட்டியல் எழுதிய காலம்

பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய சிற்றொலிநாடா, பின்னைய பத்தாண்டுகளில் எளியோர் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. அதனால் இரு மாற்றங்கள் நேர்ந்தன. ஒன்று, விரும்பிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்து 60 நிமிட நாடாவிலோ 90 நிமிட நாடாவிலோ பதிந்து வாங்கலாம். எது முதலில், எது கடைசியில் என்று மக்கள் தாமே வரிசை வகுத்தனர். நாடாப் பெட்டியின் அட்டையில் அப்பட்டியல் கையெழுத்தில் இருந்தது. மற்றொன்று, வீட்டிலிருந்தே பதியலாம். வானொலிப் பாட்டையும் பதியலாம். பிள்ளையின் மழலையையும், திருமண வாழ்த்தையும், பாட்டியின் தாலாட்டையும் பதியலாம்.

இங்கேதான் ஓர் இழப்பு தொடங்கியது. வானொலியிலிருந்து பதிந்தோர், அறிவிப்பாளர் பேச்சு இடையில் வந்துவிடக்கூடாதென்று, அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து பொத்தானை அழுத்தினர். பாட்டு மிஞ்சியது, பெயர் விடுபட்டது. வீட்டுக் குரல்களைப் பதிந்தோரோ, 'நம் அம்மாவின் குரலுக்குப் பெயர் எழுதி வைக்க வேண்டுமா?' என்று எண்ணினர். அட்டை கிழிந்தது, நாடா மட்டும் எஞ்சியது. அந்நாடாவைக் கணினிக்கு மாற்றியபோது, கணினி அறிந்த பெயரையே இட்டது: டிராக் 01, டிராக் 02, டிராக் 07.

குலுக்கல் எவ்வாறு நிகழ்கிறது

இனி, குலுக்கல் என்பது கருவியினுள் எவ்வாறு நடைபெறுகிறது என்பதைக் காண்போம். இதனை விளங்கிக்கொள்ள நம் முன்னோர் கையாண்ட முறையே போதுமானது.

காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்ட இரு கல்வெட்டுகள் ஊர்ச்சபைக்கு வாரியத்தாரைத் தெரிந்தெடுக்கும் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதுவர். குடும்பின் பெயர் தாங்கிய வாயோலையுடன் அவற்றைக் கட்டிக் குடத்திலிடுவர். சபையார் அனைவரும் காணக் குடம் உயர்த்தப்படும். உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டிலுள்ள ஓலைகளை வேறு குடத்திலிட்டுக் குலைத்தபின் அவனே ஓர் ஓலையை எடுத்துத் தருவான். ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் மத்தியஸ்தன் அதனை வாங்கி உரக்கப் படிப்பான். அங்குள்ள நம்பிமாரும் அதனைப் படித்துக் காட்டுவர். அதன் பின்னரே அப்பெயர் ஏற்கப்படும்.

இன்றைய கருவியும் இதனையே செய்கிறது. தொகுப்பில் 200 பாட்டுகள் உள்ளன என்று கொள்வோம். 200 ஓலைகளையும் குடத்திலிட்டு ஒன்றை எடுத்து வெளியே வைக்க வேண்டும்; எஞ்சிய 199இல் ஒன்றை எடுக்க வேண்டும்; பின் 198இல் ஒன்று. இவ்வாறு குடம் வெறுமையாகும்வரை எடுத்தால் புதியதொரு வரிசை கிட்டும். ஒவ்வொரு பாட்டும் ஒருமுறை வரும், எதுவும் விடுபடாது. எல்லா வரிசைகளுக்கும் வாய்ப்பு ஒன்றே. இம்முறையை ரொனால்டு ஃபிஷரும் பிராங்க் யேட்ஸும் 1938இல் தாளிலும் எழுதுகோலாலும் செய்வதற்கென எழுதி வைத்தனர். 1964இல் ரிச்சர்டு டர்ஸ்டன்ஃபெல்டு அதனைக் கணினிக்கு ஏற்ப அமைத்தார். பத்தே பாட்டுகள் இருந்தாலும் இவ்வாறு உண்டாகக்கூடிய வரிசைகள் 36,28,800.

எடுத்த ஓலையை மீண்டும் குடத்திலேயே போட்டுவிட்டால் என்னவாகும்? அது வேறு முறை, விளைவும் வேறு. 200 பாட்டுகளுள் ஒவ்வொரு முறையும் அனைத்திலிருந்தும் ஒன்றை எடுப்பதாயின், முதல் 20 பாட்டுகளுக்குள்ளேயே ஏதேனும் ஒரு பாட்டு மறுபடி வருவதற்கான வாய்ப்பு 60 விழுக்காட்டுக்கும் மேல். 200 முறை எடுத்து முடித்த பின்பும் ஏறத்தாழ 73 பாட்டுகள் ஒருமுறையும் ஒலித்திரா. சில கருவிகளில் 'கேட்டதே வருகிறது, கேளாதது வரவில்லை' என்று நாம் குறைகூறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். உத்திரமேரூர் மக்கள் இதனை உணர்ந்திருந்தனர் போலும். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவரின் பெயரைக் குடத்திலிடலாகாது என்று அவர்கள் விதித்திருந்தனர். அண்மையில் வந்தவர் மீண்டும் வாராமல், வாராதவர்க்கு இடம் தரும் விதி அது.

குலுக்கலை நாம் ஏன் ஐயுறுகிறோம்

முறையாகக் குலுக்கிய வரிசையையும் மக்கள் நம்புவதில்லை. ஒரே இசையமைப்பாளரின் மூன்று பாட்டுகள் அடுத்தடுத்து வந்தால், 'கருவி எதையோ மனத்தில் வைத்துச் செய்கிறது' என்கிறோம். நம் தொகுப்பை எண்ணிப் பார்த்தால் வியப்பு நீங்கும். 200 பாட்டுகளுள் 80 இளையராசாவின் இசையில் அமைந்தவை எனின், அவர் பாட்டு ஒன்று முடிந்தபின் அடுத்ததும் அவருடையதாகவே இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு. தற்செயல் என்பது ஒரே சீராகப் பரவுவதன்று. அங்கங்கே திரளும் இயல்புடையது.

இதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போரில் தென் இலண்டன் மீது செருமானியர் ஏவிய பறக்கும் குண்டுகள் சில பகுதிகளைக் குறிவைத்தே விழுகின்றன என்று மக்கள் நம்பினர். ஆர். டி. கிளார்க் என்பார் 144 சதுரக் கிலோமீட்டர் பரப்பை 576 கட்டங்களாகப் பகுத்து, அங்கு விழுந்த 537 குண்டுகளை எண்ணி 1946இல் வெளியிட்டார். ஒரு குண்டும் விழாத கட்டங்கள் 229. குறியின்றித் தற்செயலாக விழுந்தால் அவ்வாறு எஞ்ச வேண்டியவை ஏறத்தாழ 227 என்று கணக்குக் கூறியது. மக்கள் கண்ட திரட்சிக்குத் தற்செயலே போதுமான விளக்கம் என்பது தெளிவாயிற்று.

மக்களின் இவ்வையம் நிறுவனங்களை அசைத்தது. பயனர்களின் முறையீட்டைக் கேட்ட ஆப்பிள் நிறுவனம், ஒரே கலைஞரின் பாட்டுகள் அடுத்தடுத்து வருவதைக் கூட்டவோ குறைக்கவோ வாய்ப்பளிக்கும் அமைப்பை 2005இல் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் சேர்த்தது. முன்பு ஃபிஷர்–யேட்ஸ் முறையைக் கையாண்ட ஸ்பாட்டிஃபை, ஒரே கலைஞரின் பாட்டுகளை வரிசை நெடுகிலும் பரவலாக்கும் முறைக்குத் தான் மாறியதை 2014இல் விளக்கியது. குலுக்கல் நேர்மையானதாகத் தோன்ற, அதன் நேர்மை சற்றே குறைக்கப்பட்டது. எனவே இன்று நாம் கேட்பது பெரும்பாலும் சிறுவன் கைவிட்டு எடுத்த ஓலையன்று. பிறரால் ஒழுங்குசெய்யப்பட்ட ஓலை.

இதில் நாம் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒரே கலைஞரின் பாட்டுகளைப் பரவலாக்க வேண்டுமாயின் கலைஞர் யார் என்பது கருவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெயரில்லாத பாட்டை அது எங்கே வைக்கும்? இத்தகைய ஒழுங்குகளில் பெயரற்றவற்றுக்கு இடமில்லை. பாட்டியின் தாலாட்டுக்கும் இடமில்லை.

வரிசை குலைந்தாலும் பெயர் குலையாத மரபு

வரிசைக்கு மதிப்புண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அரியக்குடி இராமானுச ஐயங்கார் வருணத்தில் தொடங்கிச் சிற்றுருப்படிகளில் முடியும் கச்சேரி முறையை நிலைநிறுத்தினார். அவ்வரிசையில் கேட்போரின் மனநிலையை அறிந்த ஒரு பொருத்தம் உண்டு. ஆங்கிலப் பாடகி அடேல் 2021இல் தம் இசைத்தொகுப்பு தாம் வகுத்த வரிசையிலேயே கேட்கப்பட வேண்டும் என வேண்டியதையடுத்து, ஸ்பாட்டிஃபை இசைத்தொகுப்புகளில் குலுக்கல் முந்திநிற்கும் அமைப்பை மாற்றிக்கொண்டது. ஆயினும் வரிசை மாறுவதால் மட்டும் ஒரு தொகுப்பு சிதைந்துவிடாது. தேவாரப் பதிகங்களைப் பண் வாரியாக அடுக்கிய பண்முறையும் உண்டு. தலம் வாரியாக அடுக்கிய தலமுறையும் உண்டு. எவ்வாறு மாற்றி அடுக்கினும் தேவாரம் தேவாரமாகவே நிற்கிறது. ஒவ்வொரு பதிகத்துக்கும் பாடியவர், தலம், பண் ஆகியவை குறிக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணம்.

இக்குறிப்பு மரபு தேவாரத்தினும் பழமையானது. பரிபாடலின் எஞ்சிய பாடல்கள் பலவற்றின் இறுதியில் மூன்று செய்திகள் உள்ளன: பாட்டு இயற்றியவர், இசை வகுத்தவர், பண். கடுவன் இளவெயினனார் போன்ற புலவரை மட்டுமன்று, மருத்துவன் நல்லச்சுதனார், பெட்டனாகனார் போன்ற இசை வகுத்தாரையும் நாம் இன்று அறிவது அக்குறிப்புகளாலேயே. இன்றைய எம்பி3 கோப்பில் பாடலாசிரியர், இசையமைப்பாளர், வகை என்று நிரப்பும் கட்டங்கள் அப்பழைய குறிப்புகளின் உறவினவே. அப்பாடல்களின் இசை நமக்கு எட்டவில்லை. இசைத்தவர் பெயர் எட்டியிருக்கிறது. நம் வீட்டு நாடாக்களின் நிலையோ நேர்மாறானது. இசை இருக்கிறது, இசைத்தவர் பெயர் இல்லை.

பெயர் தெரியாதபோது பழந்தொகுப்பாளர் என்ன செய்தனர் என்பதும் நமக்குப் பாடமாகும். குறுந்தொகையில் இயற்றியவர் பெயர் கிடைக்காத பாடல்கள் சிலவற்றுக்கு அவற்றில் வரும் அரிய தொடரையே பெயராக்கினர். செம்புலப் பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், கல்பொரு சிறுநுரையார் என்பன அவ்வாறு வந்த பெயர்கள். அறியாத பெயருக்கு எண்ணை இட்டு அவர்கள் அமையவில்லை. பாட்டுக்குள்ளிருந்தே ஒரு பெயரைத் தேடித் தந்தனர். அண்மைக் காலத்தில் நம் நாட்டிலும் அத்தகைய தொகுப்புப் பணி நிகழ்ந்துள்ளது. நூறாண்டுக் காலத்து மலேசியத் தமிழ்ப் பாக்களை முரசு நெடுமாறன் அரிதின் முயன்று திரட்டி 1997இல் மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியமாகத் தந்தார். எழுத்தில் வந்தவற்றுக்கு அவ்வாறு ஒருவர் வாய்த்தார். வீட்டில் பாடப்பட்டவற்றுக்கு வீட்டாரே தொகுப்பாளர் ஆக வேண்டும்.

தமிழ்ப் பாட்டின் பெயர் தமிழெழுத்தில்

பெயர் இடுவோரும் பெரும்பாலும் ரோமன் எழுத்திலேயே இடுகின்றனர். இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஒலிக்கோப்பினுள் பெயரைப் பொதிந்து வைக்கும் குறிப்புமுறையை எரிக் கெம்ப் என்பார் 1996இல் வகுத்தார். கோப்பின் இறுதியில் 128 பைட்டு இடம். அதில் தலைப்புக்கு 30 பைட்டு. ஆங்கிலத் தலைப்புக்கு அது 30 எழுத்தாகும். இன்று நாம் கையாளும் யூடிஎஃப்-8 குறியீட்டிலோ 'தமிழ்' என்ற ஒரு சொல்லுக்கே 15 பைட்டு வேண்டும்; ஆக, அக்கட்டத்தில் அத்தகைய இரு சொற்களே அடங்கும். 1998இல் வந்த அடுத்த பதிப்பு யூனிகோடு எழுத்துகளுக்கு வழிவிட்டது. ஆகவே, தமிழில் எழுத இயலாது என்ற தடை நீங்கிக் கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களால் தமிழில் உள்ளிடுவதும் நமக்குப் பழகியதே. தடை நீங்கிய பின்னும் பழக்கம் நீங்கவில்லை.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. ரோமன் எழுத்தில் நம்மவர் பலர் எழுதும் வழக்கில் வலி, வளி, வழி, வாலி ஆகிய நான்கும் ஒரே வடிவம் கொள்கின்றன. பழம், பலம், பாலம் மூன்றும் ஒன்றாகின்றன. ஒருவர் 'ழ'கரத்துக்கு இரண்டெழுத்து இடுகிறார், மற்றவர் ஒன்றிடுகிறார். ஒரே பாட்டு ஒரே தொகுப்பில் மூன்று பெயர்களுடன் மூன்று இடங்களில் நிற்கிறது. குலுக்கலில் மற்றவற்றைவிட மும்மடங்கு முறை வருகிறது. தேடினாலோ ஒன்றுதான் கிடைக்கிறது. தமிழெழுத்தில் எழுதினால் இக்குழப்பம் பெரிதும் நீங்கும். அகர வரிசையிலும் பாட்டுகள் தத்தம் இடத்தில் வந்து அமையும்.

பெயரின்றிக் கேட்பதன் குறையைக் கருவி செய்தோரும் காலம் தாழ்த்தியே உணர்ந்தனர். 2005இல் வந்த ஐபாட் ஷஃபிள் என்னும் சிறு கருவி, 512 மெகாபைட்டில் ஏறத்தாழ 120 பாட்டுகளைக் கொண்டது. அதில் திரையே இல்லை. ஒலிப்பது என்ன பாட்டென்று அறிய வழியும் இல்லை. 2009ஆம் ஆண்டுப் பதிப்பில் பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் குரலால் அறிவிக்கும் வசதி சேர்க்கப்பட்டது. பழைய வானொலி அறிவிப்பாளர் செய்த பணியைக் கருவி மேற்கொண்டது எனலாம். அது 14 மொழிகளில் பேசியது. தமிழ் அவற்றுள் ஒன்றன்று.

செய்யத்தக்கன

காலம் குறுகியது. காந்த நாடாக்களில் பதிந்தவற்றை 2025ஆம் ஆண்டளவில் எண்ணிம வடிவுக்கு மாற்றாவிடில் அவற்றுள் பெரும்பகுதி இழக்கப்படும் என்று யுனெஸ்கோவின் துணையுடன் 2019இல் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. நாடா கெடுவது ஒரு காரணம். அதனை ஒலிக்கச் செய்யும் கருவிகள் அருகுவது மற்றொன்று. அவ்வாண்டு கடந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பொருளன்று. ஒவ்வொரு நாளும் முயற்சி கடினமாகிறது என்பதே பொருள். ஈரம் மிகுந்த நம் நாட்டில் பூசணம் நாடாவை விரைந்து பற்றும். ஆகவே பின்வருவனவற்றைப் பரிந்துரைக்கிறோம்.

முதலாவது, வீட்டில் பதிந்த நாடாக்களை முதலில் மாற்றுங்கள். திரைப்பாட்டு வேறிடத்திலும் கிடைக்கும். வீட்டுக் குரல் அந்நாடாவிலன்றி வேறெங்கும் இல்லை. பூசணம் படர்ந்த நாடாவை அவசரப்பட்டு ஓடவிடாமல், அறிந்தவரிடம் காட்டுங்கள். மாற்றிய பின்பும் நாடாவையும் அட்டையையும் எறிந்துவிடாதீர்கள். அட்டையைப் படமெடுத்து வையுங்கள்.

இரண்டாவது, குலுக்கலை முதியோருடன் அமர்ந்து கேளுங்கள். 'உங்களுக்குத் தெரிந்த பாட்டெல்லாம் சொல்லுங்கள்' என்று கேட்டால் எவருக்கும் ஒன்றும் நினைவுக்கு வாராது. எதிர்பாராத பாட்டு ஒலிக்கும்போது, அதனைக் கேட்ட இடமும் உடனிருந்தவரும் தாமாகவே நினைவில் எழுவர். நினைவைத் தூண்டக் குலுக்கல் நல்ல கருவி. அருகில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு கோப்புக்கும் நான்கு செய்திகளைத் தமிழில் எழுதுங்கள்: பாட்டின் முதல் தொடர், பாடியவர், பாடிய இடம், ஏறத்தாழ எந்த ஆண்டு. தெரியாததைத் தெரியாதது என்றே எழுதுங்கள். பெயர் அறவே கிடைக்காவிடில் குறுந்தொகைத் தொகுப்பாளர் வழியில், பாட்டில் வரும் ஒரு தொடரையே பெயராக இடுங்கள். எண் மட்டும் இட்டு விடாதீர்கள்.

நான்காவது, ஒருவர் சொன்னதோடு அமையாமல் இன்னொருவரிடமும் கேளுங்கள். உத்திரமேரூரில் ஓலையை மத்தியஸ்தன் மட்டுமன்றிப் பிறரும் படித்த பின்னரே பெயர் ஏற்கப்பட்டது என்பதை நினைவிற்கொள்க.

நான்காவதன் தேவையை நாம் உணர்ந்தது அந்த லாபு வீட்டிலேயே. பாட்டியின் சொல்லை நம்பி, பேரன் அந்தத் தாலாட்டுக்குக் கொள்ளுப்பாட்டியின் பெயரை எழுதிவிட்டான். சில வாரங்கள் கழித்துச் சிரம்பானிலிருந்து பாட்டியின் நாத்தனார் வந்திருந்தார். கோப்பைக் கேட்ட அளவில் அவர் தலையசைத்து மறுத்தார். "இது அண்ணி அம்மா இல்லப்பா. ஆயாக்கொட்டகையில புள்ளைங்கள பாத்துக்கிட்டாங்களே, அந்த ஆயா. நாங்க எல்லாம் மரத்துக்குப் போனப்புறம் இந்தப் பாட்டப் பாடித்தான் தூங்க வைப்பாங்க," என்றார்.

பாட்டி சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "ஆமா, அவங்கதான்," என்றார். தாய் அப்பாட்டைப் பாடித் தாம் கேட்டதில்லை என்று அவர் முதலில் சொன்னது சரியாகவே இருந்தது. விடியலில் தாயர் பால்வெட்டப் போன பின்னர், அத்தோட்டத்துக் குழந்தைகள் பலரையும் தூங்கவைத்த குரல் அது. அவ்வாயாவுக்குப் பிள்ளைகள் இல்லை என்று அன்று அறிந்தோம். அந்த ஒரு நாடாவைத் தவிர அவர் குரல் வேறெங்கும் பதிவாகியதாக எவரும் அறியவில்லை. பேரன் பெயரைத் திருத்தினான், தமிழில் எழுதினான். நாத்தனார் இன்னும் ஓராண்டு கழித்து வந்திருந்தால், அல்லது வாராதே போயிருந்தால், அவர் குரல் வேறொருவர் பெயரில் நிலைத்திருக்கும்.

குலுக்கல் எவரிடமும் ஓரவஞ்சனை காட்டாது. பெரும் பாடகரையும் தோட்டத்து ஆயாவையும் ஒரே குடத்திலிட்டு, இருவருக்கும் ஒரே வாய்ப்பை அது வழங்கும். வேறெந்த மேடையிலும் அவருக்குக் கிட்டாத சமநிலை அது. ஆயினும் குடத்தை எவ்வளவு குலுக்கினாலும், எழுதாத ஓலையிலிருந்து எவராலும் பெயரைப் படிக்க இயலாது. ஓலையில் எழுதுவது நம் கடன். எழுதச் சொல்லித் தருவோர் நம்மிடையே இருக்கும் இந்நாளிலேயே அதனைச் செய்து முடிப்போமாக.